வால் தெரியாத கீரி

நாகேஸ்வரன் ஒரு பட்டியலை மதிப்பாய்வுக்கு எடுத்துக்கொண்டார் என்று தெரிந்தால், எழுதியவர் ஒவ்வொரு வரியையும் மறுபடி சரிபார்க்க உட்கார்ந்துவிடுவார். இணையத்தில் தன்னார்வலர்கள் கூடி எழுதும் ஒரு தமிழ்க் கலைக்களஞ்சியத்தில், ‘சிறந்த பட்டியல்’ என்ற முத்திரைக்காகக் காத்திருப்பவற்றைச் சோதித்துப் பார்ப்பது அவர் ஏற்றுக்கொண்ட வேலை. யாரும் சம்பளம் கொடுக்கவில்லை, யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை. தணிக்கை அலுவலகத்தில் காலம் முழுக்கக் குற்றம் கண்டுபிடித்தவருக்கு, ஓய்வு பெற்ற பிறகு கை சும்மா இருக்க மறுத்தது. அணைக்கட்டுகளின் பட்டியல், பறவைகளின் பட்டியல், ராகங்களின் பட்டியல் என்று பலவற்றை அவர் திருப்பி அனுப்பியிருக்கிறார். சிலர் கோபித்துக்கொண்டு எழுதுவதையே விட்டுவிட்டார்கள். அதற்காக அவர் வருந்தியதாகத் தெரியவில்லை.

“கல்யாணப் பத்திரிகை வந்தாக்கூட சிவப்பு மசி தேடற மனுஷன்” என்று அவருடைய மனைவி மீரா சொல்வாள். மீரா ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தாள். காலையில் அவள் கிளம்புவதற்கு முன் திருவனந்தபுரத்து வலியசாலை வீட்டின் முன்னறையில் நாகேஸ்வரன் கணினியைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுவார்.

அப்படி ஒரு நாள் காலையில்தான் ‘கீரி இனங்களின் பட்டியல்’ அவர் கண்ணில் பட்டது. மதிப்பாய்வுக்கு வைத்திருந்தவர் பெயர் கௌசல்யா. அவரைப் பற்றி வேறொன்றும் தெரியாது. நாகேஸ்வரன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். கீரி என்றால் கீரி. தோட்டத்து மதிலோரம் ஓடும், பாம்பைக் கொல்லும். அதற்கு ஒரு பட்டியலா? பத்து நிமிஷத்தில் திருப்பி அனுப்பிவிடலாம் என்று நினைத்தார்.

பத்து நிமிஷத்துக்குப் பிறகு காப்பி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. அவர் அதைத் தொடவே இல்லை.

உலகத்தில் முப்பத்துச் சொச்சம் கீரி இனங்கள் இருக்கின்றன என்பதே அவருக்குப் புதிய செய்தி. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை. பெயர், அறிவியல் பெயர், வாழும் இடத்தின் வரைபடம், உடல் நீளம், வால் நீளம், உணவு, எண்ணிக்கை குறைகிறதா கூடுகிறதா என்ற குறிப்பு, ஒரு படம், ஒவ்வொரு தகவலுக்கும் ஆதாரம். இவ்வளவும் இருக்கிற பட்டியல்களை அவர் முன்பும் பார்த்திருக்கிறார். இதில் வேறு ஏதோ இருந்தது. எழுதியவர் எந்த இடத்திலும் அவசரப்படவில்லை.

மடகாஸ்கர் தீவில் கீரி போலவே தோன்றும் பிராணிகள் உண்டு. அவை ஏன் இந்தப் பட்டியலில் இல்லை என்று நாகேஸ்வரன் கேள்வி எழுதத் தொடங்கியபோதே, அதற்கான பதில் மேலேயே கிடந்தது. அவை வேறு குடும்பம், பார்வைக்குத்தான் கீரி என்று இரண்டே வாக்கியத்தில் சொல்லியிருந்தார். ஆப்பிரிக்கக் கீரிகள் பலவற்றுக்குத் தமிழில் பெயர் கிடையாது. வேறு யாராவது என்றால் தாமாக ஒரு பெயரைக் கட்டி ஒட்டியிருப்பார்கள். கௌசல்யா அப்படிச் செய்யாமல், அந்தப் பெயர்களை ஒலிபெயர்த்து, ‘வழக்கில் தமிழ்ப் பெயர் இல்லை’ என்று அடியில் குறித்திருந்தார். மலையாளத்தில் செங்கீரி என்பது கழுத்தில் கறுப்புக் கோடு உள்ள பெரிய கீரியைக் குறிக்கும், தமிழில் அந்தச் சொல்லைக் கேட்பவர் சிவந்த கீரி என்ற வேறொன்றை நினைப்பார் என்பதால் இரண்டுக்குமே அந்தப் பெயரைத் தவிர்த்திருந்தார்.

“மீரா, இதைக் கேளு” என்றார் நாகேஸ்வரன். மீரா சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். அவர் படித்துக் காட்டினார். கரும்புத் தோட்டத்தில் எலித் தொல்லை என்று கடல் தாண்டிக் கீரியைக் கொண்டுபோய் விட்டார்கள். எலி இரவில் அலைந்தது, கீரி பகலில் அலைந்தது. இரண்டும் சந்திக்கவே இல்லை; கீரிக்கு இரையாகித் தரையில் கூடு கட்டிய பறவைகள் அழிந்தன.

“எவ்வளவு பெரிய அநியாயம்! மூணு வரியில சொல்லிட்டா பாரு. ஒரு வார்த்தை கூடக் கத்தல” என்றார்.

மீரா டப்பாவைப் பைக்குள் வைக்காமல் அவரையே பார்த்தாள். “என்னன்னா, உடம்பு சரியாயிருக்கோல்லியோ? யாரையோ நன்னாருக்குன்னு சொல்றேளே.”

“நன்னாருக்குன்னு நான் இன்னும் சொல்லல. பார்த்துண்டிருக்கேன்.”

அவர் வரிசை வரிசையாகப் பார்த்தார். அந்த வாரம் முழுக்கக் காலைகள் அதிலேயே போயின. ஆதாரங்களைத் திறந்து படித்தார். ஒரு இடத்தில் வால் நீளம் இரண்டு மில்லிமீட்டர் தவறு. இன்னொரு இடத்தில் ஆதாரத்தின் பக்க எண் மாறியிருந்தது. ஒரு வரைபடத்தில் எல்லைக்கோடு ஒரு நாட்டுக்குள் அதிகமாகப் போயிருந்தது. கேள்விகளைப் பதிவு செய்ததும் கௌசல்யாவின் பதில்கள் வரத் தொடங்கின. ‘சரி செய்துவிட்டேன், நன்றி.’ ‘இது என் பிழை. அந்தப் பக்கத்தை மறுபடி படித்தேன்.’ ‘இதில் உங்களோடு உடன்பட முடியவில்லை, காரணம் கீழே.’ அந்தக் கடைசிப் பதிலைப் பார்த்தபோது அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. காரணத்தைப் படித்தார். கௌசல்யா சொன்னதுதான் சரி.

கடைசியில் ஒரே ஒரு கேள்வி மிஞ்சியது. அது ஒரு படத்தைப் பற்றியது.

பழுப்புக் கீரி மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மட்டும் இயல்பாக வாழ்வது, எளிதில் கண்ணில் படாதது. அதன் வரிசையில் இருந்த படம் பட்டியலிலேயே அழகான படம். பொன்முடி மலைச் சாலையின் ஒரு கொண்டையூசி வளைவில், ஈரப் புல்லுக்கு நடுவே நின்று, ஒரு முன்காலைத் தூக்கியபடி அந்தக் கீரி கேமராவையே பார்த்தது. ரோமத்தில் பனித்துளிகள் தெரிந்தன. படம் எடுத்தவர் என்ற இடத்தில் கௌசல்யாவின் பெயர் இருந்தது. அந்தப் படம் வேறு பல மொழிக் கலைக்களஞ்சியப் பக்கங்களுக்கும் போயிருந்தது.

நாகேஸ்வரன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பட்டியலே அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்த விஷயம் ஒன்று உண்டு. பழுப்புக் கீரிக்கு வால் நுனிவரை ஒரே நிறம். அதற்கு நெருங்கிய சாயலுள்ள சிவந்த கீரிக்கு வால் நுனி கறுப்பு. படத்தில் வாலின் கடைசிப் பகுதி புல்லுக்குள் மறைந்திருந்தது.

அவர் எழுதினார்: ‘படத்தில் வால் நுனி தெரியவில்லை. இது சிவந்த கீரி அல்ல என்பதற்கு என்ன உறுதி?’

பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கடுத்த நாள் காலையில் மூன்று தடவை திறந்து பார்த்தார். எத்தனையோ பேர் இப்படி மௌனமாகப் போயிருக்கிறார்கள், அப்போதெல்லாம் அவர் அடுத்த பட்டியலுக்குப் போய்விடுவார். இந்தத் தடவை மனசு கேட்கவில்லை. இத்தனை பாடுபட்டவரை ஒரு வால் நுனிக்காக விரட்டிவிட்டோமோ என்று நினைத்தார். படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். நிறம் பழுப்பாகத்தான் இருக்கிறது, கால்கள் கறுத்திருக்கின்றன, இடமும் உயர்ந்த மலை. பழுப்புக் கீரியாகத்தான் இருக்க வேண்டும் என்று தமக்குத்தாமே வாதாடினார்.

பிறகு அவர் வாழ்க்கையில் செய்யாத ஒன்றைச் செய்தார். ‘படத்தைப் பற்றிய கேள்வியைத் திரும்பப் பெறுகிறேன். பட்டியலுக்கு என் முழு ஆதரவு’ என்று எழுதினார்.

சாயங்காலம் பதில் வந்தது. ‘ஐயா, தயவுசெய்து திரும்பப் பெறாதீர்கள். நீங்கள் கேட்டது சரியான கேள்வி. அதற்குப் பதில் தேடித்தான் தாமதம். நீங்களும் திருவனந்தபுரம் என்று உங்கள் பக்கத்தில் பார்த்தேன். சாலை பஜாரில் எங்கள் அப்பாவின் கடையில் இந்தப் படத்தின் பெரிய பிரதி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வர முடியுமானால் நேரில் காட்டுகிறேன்.’

சாலை பஜார் அவர் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். அந்த ஞாயிற்றுக்கிழமை, பாதிக் கடைகள் மூடிக் கிடந்த தெருவில், குழாயும் தாழ்ப்பாளும் ஆணியும் விற்கும் ஒரு கடையைத் தேடிப் போனார். கௌசல்யாவின் அப்பா ஆறுமுகநயினார் தென்காசிப் பக்கத்திலிருந்து இளவயதில் வந்து கடை போட்டவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைவாசலில் நின்றார்.

“வாங்க சாரே, இரிங்க. மக சொன்னா, கீரிக்குக் கணக்கு கேட்ட சார் வாராருன்னு” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். குரலில் உபசாரமும் இருந்தது, கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

கல்லாவுக்குப் பின்னால், சாமி படங்களுக்குச் சமமான உயரத்தில், கண்ணாடிச் சட்டம் போட்ட கீரி நின்றது. கணினியில் பார்த்ததைவிட அது உயிரோட்டமாக இருந்தது. நாகேஸ்வரன் எழுந்து நின்று பார்த்தார்.

கௌசல்யா உள்ளேயிருந்து வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. லீவு கிடைத்தால் பொன்முடி பஸ்ஸில் ஏறிவிடுவது வழக்கம். கையில் ஒரு மடிக்கணினி இருந்தது.

“சார், அன்னைக்கு எடுத்த மொத்தப் படத்தையும் பழைய டிஸ்கில இருந்து எடுத்தேன். அதுக்குத்தான் நாளாச்சு. இதைப் பாருங்க” என்றாள். திரையில் கீரி திரும்பி ஓடும் படம் ஒன்று இருந்தது. வால் முழுதாக வெளியே வந்திருந்தது. ஆனால் ஓட்டத்தில் எல்லாம் கலங்கிப்போயிருந்தது. நுனியில் கறுப்பாக ஏதோ இருந்தது.

“கறுப்பா இருக்கே” என்றார் நாகேஸ்வரன்.

“கறுப்பு இருக்கு. அது ரோமமா, புல்லோட நிழலான்னு சொல்ல முடியல்ல. கீரியப் பத்தி ஆராய்ச்சி பண்ற ஒருத்தருக்கு எல்லாத்தையும் அனுப்பினேன். பழுப்புக் கீரியா இருக்கத்தான் சாத்தியம் கூட, ஆனா எழுதித் தர மாட்டேன்னு சொல்லிட்டார்.”

“சாத்தியம் கூடன்னு அவரே சொல்றார். அப்புறம் என்ன? நானும் ஆதரவு எழுதியாச்சு. இருக்கட்டுமேம்மா.”

இதைச் சொன்னது தாம்தானா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

கௌசல்யா மெதுவாக, இல்லையென்று தலையாட்டினாள். “எக்ஸ்ரேயில ஒரு நிழல் விழுந்தா, அது நோவா வேற எதுவுமான்னு தெரியலேன்னா, ஆளை மறுபடி நிக்கவச்சு இன்னொண்ணு எடுப்போம். தெரிஞ்ச மாதிரி அனுப்ப மாட்டோம். இந்தக் கீரிய மறுபடி நிக்கவைக்க முடியாதுல்லா சார். யாரோ ஒரு பிள்ளை நாளைக்கு இந்தப் படத்தைப் பார்த்துத்தான் பழுப்புக் கீரி இப்படி இருக்கும்னு படிக்கும்.”

ஆறுமுகநயினார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். “நான் ஒண்ணு கேக்கேன் சாரே. கீரின்னா கீரிதானே? தான் என்ன கீரின்னு அந்தக் கீரிக்கே தெரியுமா?”

“கீரிக்குத் தெரியும்பா. நமக்குத்தான் தெரியல்ல” என்றாள் கௌசல்யா.

“எத்தன பேருக்கு இதைக் காட்டியிருக்கேன் மக்ளே! கோட்டைக் கோயிலுக்கு வாற வெளியூர்க்காரன் எல்லாம் போட்டோ எடுத்துட்டுப் போறான். லோகம் முழுக்க என் மக படம் இருக்குன்னு சொல்லியாச்சு. இப்ப நீயே போயி அழிச்சா நான் என்ன சொல்லட்டும்?”

கௌசல்யாவின் முகம் வாடியது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “படம் நல்ல படம்தாம்பா. அதுல மாத்தமில்ல. பேருதான் உறுதியில்ல. இங்க மாட்டியிருக்கிறதை நான் எடுக்கச் சொல்லல்லியே.”

ஆறுமுகநயினார் சட்டத்தின் கண்ணாடியைத் துண்டால் ஒரு தடவை துடைத்தார். பிறகு, டீக்கடையில் சாயா சொல்லிவிட்டு வருவதாகத் தெருவில் இறங்கிப் போனார்.

அவர் போன பிறகு கௌசல்யா இன்னொன்றைக் காட்டினாள். படம் போய்ச் சேர்ந்த ஒவ்வொரு மொழிப் பக்கத்துக்கும் அவள் ஏற்கெனவே எழுதிவிட்டிருந்தாள். ‘இந்தப் படத்தை எடுத்தவள் நான். இது எந்த இனம் என்று எனக்கு இப்போது உறுதியில்லை. தயவுசெய்து நீக்குங்கள்.’ ஒரு இயற்கை மன்றம் தன் சுவரொட்டியில் அந்தப் படத்தைப் போட்டிருந்தது. அவர்களுக்கும் எழுதியிருந்தாள். பாஷை தெரியாத இடங்களில் இங்கிலீஷில் எழுதி, மன்னிப்பும் கேட்டிருந்தாள்.

நாகேஸ்வரன் அதை எல்லாம் படித்தார். தணிக்கையில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ பிழைகளைக் காட்டியிருக்கிறார். ஒத்துக்கொண்டவர்கள் உண்டு, மழுப்பியவர்கள் உண்டு, காலில் விழுந்தவர்களும் உண்டு. பிழையா இல்லையா என்றே தெரியாத ஒன்றின் பின்னால், அது போன இடமெல்லாம் தானே தேடிப் போனவர் ஒருவரை அவர் பார்த்ததில்லை.

“ரொம்பப் பெரிய காரியம் பண்ணியிருக்கேம்மா” என்றார். யாரையும் பாராட்டிப் பழக்கமில்லாத நாக்கு கொஞ்சம் இடறியது.

கௌசல்யா சிரித்தாள். “சார் கேக்கல்லேன்னா நான் பார்த்திருக்கவே மாட்டேன்.”

ஆறுமுகநயினார் சாயாவோடு வந்தார். மூவரும் குடித்தார்கள். நாகேஸ்வரன் கிளம்பும்போது படத்தைக் காட்டி, “இதை எடுத்துடாதீங்கோ. நான் இதுவரை பார்த்த கீரிப் படத்துல இதுதான் ஒசத்தி” என்றார். கடைக்காரரின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

அன்றைக்கே பட்டியலிலிருந்து படம் நீங்கியது. பழுப்புக் கீரியின் வரிசையில் ஒரு சாம்பல் நிறப் பெட்டியும், ‘சரிபார்க்கப்பட்ட படம் தேவை’ என்ற குறிப்பும் மட்டும் இருந்தன.

பெங்களூரில் இருந்த பட்டாபி என்ற இன்னொரு மதிப்பாய்வாளருக்கு இது பிடிக்கவில்லை. ‘நம் மலையில் வாழும் இனத்துக்கே படம் இல்லையென்றால் இதைச் சிறந்த பட்டியல் என்று எப்படிச் சொல்வது? பழைய படமே இருந்திருக்கலாம். யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?’ என்று எழுதினார்.

நாகேஸ்வரன் யாருக்காகவும் பரிந்து பேசியவர் இல்லை. அன்று காலை அவர் குளிக்கக்கூடப் போகாமல் உட்கார்ந்து எழுதினார். கடையில் பார்த்ததை எழுதினார். ஓடும் கீரியின் கலங்கிய படத்தை, ஆராய்ச்சியாளரின் பதிலை, எல்லா மொழிக்காரர்களுக்கும் போன கடிதங்களை எழுதினார். ‘இந்தப் பட்டியலில் உள்ள மற்ற எல்லாப் படங்களையும் நான் நம்புவதற்குக் காரணம் இந்த ஒரு காலிப் பெட்டிதான். நிரப்பத் தெரிந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். காலியாக விடத் தெரிந்தவரை இப்போதுதான் பார்க்கிறேன். இதற்கு முத்திரை கிடைக்காவிட்டால், நம் முத்திரைக்கு என்ன மதிப்பு?’ என்று முடித்தார்.

மீரா தோளுக்குப் பின்னால் நின்று முழுதையும் படித்தாள். கேலி செய்யவில்லை. “அனுப்புங்கோ. ஒரு எழுத்தும் மாத்த வேண்டாம்” என்றாள்.

பட்டாபி இரண்டு நாள் கழித்து ஒரே சொல் எழுதினார்: ‘ஆதரவு.’ இன்னும் சிலரும் எழுதினார்கள். பட்டியலின் தலைப்பில் முத்திரை ஏறியது. கௌசல்யா அந்தப் பக்கத்தைத் திரையில் திறந்து அப்பாவிடம் காட்டினாளாம். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, கடையில் இருந்த சட்டத்தின் கீழே ஒரு அட்டை எழுதி ஒட்டினார். ‘கீரி. இடம் பொன்முடி. எடுத்தது என் மகள் கௌசல்யா.’ என்ன கீரி என்று யாராவது கேட்டால், “அதை மட்டும் கேக்கப்பிடாது, கேஸ் நடக்குது” என்று சிரிக்கிறாராம்.

மழைக்காலம் முடிந்த சமயத்தில், வால்பாறையில் மருந்துக்கடை வைத்திருக்கும் பிச்சைக்கனி என்பவரிடமிருந்து கௌசல்யாவுக்குத் தகவல் வந்தது. எதையோ தேடப்போய்ப் பட்டியலைப் படித்திருக்கிறார், சாம்பல் பெட்டி கண்ணில் பட்டிருக்கிறது. தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் தாம் எடுத்த சில கீரிப் படங்கள் இருப்பதாகவும், அவை உதவுமா என்றும் கேட்டிருந்தார். கௌசல்யா மகிழ்ச்சியில் குதித்துவிடவில்லை. எங்கே எடுத்தது, எந்த மாதம், அடுத்தடுத்த படங்கள் உண்டா, வால் நுனி தெரிகிறதா என்று கேள்வியாய்க் கேட்டாள். பிச்சைக்கனி சலிக்காமல் எல்லாவற்றையும் அனுப்பினார். அதே ஆராய்ச்சியாளரிடம் படங்கள் போயின. இந்தத் தடவை அவர் எழுதித் தந்தார்.

கௌசல்யா நாகேஸ்வரனைப் போனில் அழைத்தாள். “சார், கம்ப்யூட்டர் பக்கத்துலயா இரிக்கீங்க? திறங்க.”

திறந்தார். மரத்தடியில் பக்கவாட்டில் நின்றது பழுப்புக் கீரி. வால் அடியில் தடித்து, போகப் போக ஒடுங்கி, நுனிவரை ஒரே பழுப்பாக, ஒரு புல் கூட மறைக்காமல் நீண்டிருந்தது. படம் அவ்வளவு அழகில்லை. வெளிச்சம் குறைவு, கீரி வேறெங்கோ பார்த்தது. நாகேஸ்வரன் வாலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்படி இருக்கு சார்?”

“நன்னாருக்கு. ரொம்ப நன்னாருக்கு” என்றார். இந்தத் தடவை நாக்கு இடறவில்லை.

“அடுத்தது மரநாய் பட்டியல் எடுக்கலாம்னு இருக்கேன். நீங்கதான் பார்த்துச் சொல்லணும்.”

நாகேஸ்வரன் சற்று யோசித்தார். “மதிப்பாய்வு பட்டாபி பண்ணட்டும்மா. நீ எழுதறதுல நானும் சேர்ந்துக்கலாமா? எனக்கு எழுதத் தெரியாது. ஆதாரம் தேடிக் கொடுப்பேன்.”

போனின் மறுபக்கத்தில் சாலை பஜாரின் இரைச்சல் கேட்டது. ஆறுமுகநயினார் யாருக்கோ குழாய் விலை சொல்லிக்கொண்டிருந்தார். கௌசல்யா சந்தோஷமாக, “அப்ப ஆப்பிரிக்காவை நீங்க எடுத்துக்கங்க சார். நான் ஆசியாவைப் பார்க்கேன்” என்றாள்.

அவர் போனை வைத்துவிட்டு, மீராவிடம் ஒரு நல்ல உலக வரைபடம் நூலகத்தில் கிடைக்குமா என்று கேட்கப் போனார்.